உதிரும் நாடா: வில்லியம் பாசின்ஸ்கியின் ‘தி டிஸின்டக்ரேஷன் லூப்ஸ்’

‘தி டிஸின்டக்ரேஷன் லூப்ஸ்’ அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பாசின்ஸ்கி 2002, 2003 ஆம் ஆண்டுகளில் நான்கு பகுதிகளாக வெளியிட்ட ஆம்பியன்ட் இசைத்தொகுப்பு. ஆறு ஒலிநாடாச் சுழல்களிலிருந்து பிறந்த ஒன்பது ஆக்கங்கள் இதில் உள்ளன. மொத்த நீளம் ஏறத்தாழ 5 மணி நேரம். பாசின்ஸ்கி தானே நடத்திய ‘2062’ என்ற சிறு வெளியீட்டு நிறுவனத்தின் வழியாக இது வந்தது. விளம்பரம் கிடையாது, வானொலியில் ஒலிக்கும் வாய்ப்பு கிடையாது, பாடல் வரிகளும் கிடையாது. ஆயினும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த சோதனை இசைத்தொகுப்புகளில் இதைப்போல் பரவலாகப் பேசப்பட்டவை மிகச் சில.

இத்தொகுப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அதன் கதையைப் பற்றியது. பழைய நாடாக்கள் ஓடும்போதே உதிர்ந்தன, சில வாரங்களில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன, இரண்டும் ஒன்றாகப் பிணைந்தன என்பது அந்தக் கதை. கதை உண்மைதான். ஆனால் அது சொல்லப்படும் விதத்தில் சில விவரங்கள் நழுவிவிடுகின்றன. நழுவிய விவரங்களே இந்த இசையை மதிப்பிட நமக்கு அதிகம் தேவைப்படுபவை. கதையை அறியாத ஒருவருக்கு இந்த 5 மணி நேரம் என்ன தரும் என்பதை மையமாக வைத்து இக்கட்டுரை தொகுப்பை அணுகுகிறது.

பின்னணி

பாசின்ஸ்கி 1958இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் பிறந்தவர். கிளாரினெட்டில் செவ்வியல் பயிற்சி பெற்றார். நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் சாக்ஸபோனும் இசையமைப்பும் பயின்றார். ஸ்டீவ் ரைக், பிரையன் ஈனோ ஆகியோரின் இசை அவரை ஒலிநாடாவின் பக்கம் திருப்பியது. 1980 வாக்கில் நியூயார்க் சென்று, தன் இணையரும் ஓவியருமான ஜேம்ஸ் இலெய்னுடன் வாழ்ந்தார்.

அக்காலத்தில் அமெரிக்க வானொலிகளில் ‘ஈசி லிஸனிங்’ என்றொரு வகை நாள் முழுதும் ஒலித்துக்கொண்டிருந்தது. பிரபலமான மெட்டுகளை வயலின் கூட்டமும் மென்மையான ஊதுகருவிகளும் கொண்டு வாசிப்பார்கள். பல் மருத்துவரின் காத்திருப்பு அறை, லிஃப்ட், பேரங்காடி ஆகியவை அதன் இயல்பான இடங்கள். யாரும் உட்கார்ந்து கேட்பதற்காக அது உருவாக்கப்படவில்லை. பாசின்ஸ்கி அதைப் பதிவு செய்து, ஒரு சில நொடித் துண்டை மட்டும் வெட்டி, முனைகளை ஒட்டி வளையமாக்கினார். பிறகு வேகத்தைக் குறைத்து ஓடவிட்டார். வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும். வயலின்கள் செல்லோக்களைப்போல் கனத்தன. அங்காடியில் யாரும் கவனிக்காத ஒரு நொடிக்குள் இவ்வளவு துயரம் இருந்ததா என்று வியக்க வைக்கும் ஒலிகள் கிடைத்தன.

1980களின் தொடக்கத்தில் செய்த இந்தச் சுழல்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெட்டியில் கிடந்தன. அவருடைய இசையில் சிறு பகுதியை ஒரு ஜெர்மன் நிறுவனம் 1998இல் வெளியிட்டது. மற்றபடி அவரை அறிந்தவர்கள் நண்பர்கள் வட்டத்தினரே. 2001 கோடையில், வேலையும் வருமானமும் இல்லாத ஒரு காலகட்டத்தில், புரூக்ளினில் இருந்த தன் வீட்டில் அவர் அந்தப் பெட்டியைத் திறந்தார். பழைய நாடாக்களைக் கணினி வழியாக எண்ணிம வடிவில் சேமித்துவிட வேண்டும் என்பது நோக்கம். எளிய ஆவணப் பணிதான்.

நாடா எப்படி உதிர்கிறது

இங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள ஒலிநாடாவின் அமைப்பைச் சற்றுத் தெரிந்திருக்க வேண்டும். கேசட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய செய்தி. டேப் ரெக்கார்டரின் ஹெட்டைப் பஞ்சில் துடைத்தால் பழுப்பு நிறத்தில் ஒரு பொடி ஒட்டிவரும். அந்தப் பொடியில்தான் பாட்டு இருந்தது.

ஒலிநாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. அதன்மேல் இரும்பு ஆக்சைடு துகள்கள் ஒரு பசையின் உதவியால் பூசப்பட்டிருக்கும். ஒலி என்பது அந்தத் துகள்களின் காந்த அமைப்பாகப் பதிவாகிறது. பட்டைக்கும் ஒலிக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆண்டுகள் கடக்கும்போது பசை வலுவிழக்கிறது. வலுவிழந்த நாடாவை ஓட்டினால், அது ஹெட்டின்மீதும் உருளைகளின்மீதும் உரசும் ஒவ்வொரு முறையும் துகள்கள் கழன்று விழுகின்றன. துகள் போன இடத்தில் வெறும் பிளாஸ்டிக் தெரியும். அங்கே ஒலி இல்லை.

சாதாரண நாடா ஒரு முறை ஓடி முடிந்துவிடும். சுழல் அப்படியல்ல. அதே சில நொடிகள் நூற்றுக்கணக்கான முறை ஹெட்டைக் கடந்து செல்கின்றன. ஒரு சுற்றில் கீறல் விழுந்த இடம் அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் வந்து நிற்கிறது, இன்னும் சற்று அகலமாக. ஆகவே இந்தச் சிதைவு, பாடல் முடிவில் ஒலியளவைக் குறைத்து மங்கச் செய்வதைப் போன்றதல்ல. அங்கே எல்லா ஒலிகளும் சமமாகத் தேய்கின்றன. இங்கே மெட்டின் ஒரு குறிப்பிட்ட சுரம் ஓட்டையாகிறது. அதன் பக்கத்துச் சுரம் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது.

பாசின்ஸ்கி முதல் நாடாவை ஓட்டியபோது அது பொடியாவதைக் கண்டார். நிறுத்தியிருக்கலாம். ஒரு நல்ல ஆவணக் காப்பாளர் அதைத்தான் செய்திருப்பார். அவர் பதிவை ஓடவிட்டு, என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தார். காப்பாற்றத் தொடங்கிய வேலையே நாடாவை அழித்தது, அழிந்த விதம் மட்டும் பதிவாகி நின்றது.

இதை வைத்து ‘மனிதக் கை படாத இசை’ என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியல்ல. முதல் ஆக்கத்தில் பாசின்ஸ்கி வாயெட்ரா சின்தசைசரில் பிரெஞ்சு ஹார்ன் போன்ற ஓர் எதிர்மெட்டை அமைத்துச் சுழலோடு கலந்திருக்கிறார். எதிரொலிப்பும் சேர்த்திருக்கிறார். எந்தத் துண்டை வெட்டுவது, எந்த வேகத்தில் ஓட்டுவது, எங்கே நிறுத்துவது என்பவை எல்லாம் அவருடைய முடிவுகள். ஒலி எந்த வரிசையில் அழிய வேண்டும் என்பதை மட்டும் அவர் தீர்மானிக்கவில்லை. தற்செயலின் பங்கு அந்த அளவுக்குத்தான். ஆனால் அந்த அளவே போதுமானதாக இருந்தது.

டிஎல்பி 1.1

தொகுப்பின் ஆக்கங்களுக்குப் பெயர்கள் இல்லை. ‘டிஎல்பி’ என்ற சுருக்கமும் எண்ணும் மட்டுமே. முதலாவதான டிஎல்பி 1.1 ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஓடுகிறது, சுமார் 63 நிமிடம். தொகுப்பைப் பற்றிய புகழில் பெரும்பங்கு இந்த ஓர் ஆக்கத்துக்கு உரியது.

முதல் சுற்றிலேயே மெட்டு முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. ஊதுகருவிகளின் மெதுவான, கம்பீரமான ஒரு வாக்கியம். அடியில் மந்தமான ஒரு தட்டல். அணிவகுப்பின் இசையைத் தொலைவில் இருந்து, சுவருக்கு அப்பாலிருந்து கேட்பதைப் போல இருக்கும். அது எழுகிறது, இறங்குகிறது, மீண்டும் தொடங்குகிறது. பத்து நிமிடம் வரை எதுவும் மாறுவதாகத் தோன்றாது. பொறுமை இழப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இழக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் இந்தப் பத்து நிமிடம் வீணாகப் போவதில்லை. கேட்பவரின் மனத்தில் மெட்டு பதிந்துகொண்டிருக்கிறது. எந்தச் சுரத்துக்குப் பின் எது வரும் என்பது சிந்திக்காமலே தெரியத் தொடங்குகிறது. பிறகு ஒரு கரகரப்பு. இன்னும் சில சுற்றுகள் கழித்து ஊதுகருவியின் ஓசை தொடங்கும் இடத்தில் ஒரு சிறு வெட்டு. நாடாவின் பழுதா, தன் காதின் மயக்கமா என்று தெரியாத அளவுக்குச் சிறியது. அடுத்த சுற்றில் அது அதே இடத்தில் இருக்கிறது. அப்போதுதான் இது திரும்பப் போவதில்லை என்பது உறைக்கிறது.

அரை மணி நேரத்துக்குப் பிறகு விசித்திரமான ஒன்று நடக்கிறது. நாடாவில் இல்லாத சுரங்கள் காதில் விழுகின்றன. மெட்டு ஓட்டையாகிவிட்டது, ஆனால் நூற்றுக்கணக்கான முறை கேட்ட மனம் அந்த ஓட்டையை நிரப்பிக்கொள்கிறது. கடைசிக் கால் மணி நேரத்தில் பெரும்பாலும் மந்தமான தட்டல்களும் அவற்றுக்கிடையே மௌனமும் மட்டுமே மிஞ்சுகின்றன. அவை அடுத்த வீட்டில் யாரோ பாத்திரம் நகர்த்தும் ஓசையைவிட இசைத்தன்மை மிக்கவை அல்ல. இந்த ஆக்கத்தைக் கடைசிப் பத்து நிமிடத்திலிருந்து கேட்கத் தொடங்கும் ஒருவருக்கு அது வெறும் பழுதான பதிவு. தொடக்கத்திலிருந்து கேட்டவருக்கோ அந்தத் தட்டல் ஒவ்வொன்றும் முழு மெட்டின் இருப்பிடத்தைக் காட்டும் அடையாளம். இசையின் இரண்டாம் பாதி கேட்பவரின் நினைவில் நடக்கிறது என்று சொன்னால் அது மிகையல்ல.

டிஎல்பி 1.1 இவ்வளவு நீளமாக இருப்பதன் நியாயமும் இதுவே. பத்து நிமிடச் சுருக்கம் ஒன்றைச் செய்தால் சிதைவு தெரியும், இழப்பு தெரியாது. இழப்பதற்கு முதலில் பழக்கம் வேண்டும், பழக்கத்துக்கு நேரம் வேண்டும். இணையத்தில் இந்த இசையின் ‘சிறந்த பகுதிகள்’ என்று வெட்டித் தரப்படும் துண்டுகள் எதையும் உணர்த்தாமல் போவதற்கு இதுதான் காரணம்.

மற்ற சுழல்கள்

முதல் ஆக்கத்தின் நிழலில் மற்ற எட்டும் கவனிக்கப்படாமல் போயின. அவற்றின் தரம் ஒரே அளவானதல்ல.

டிஎல்பி 2.1, 2.2 ஆகிய இரண்டும் ஒரே சுழலின் இரு ஓட்டங்கள். இவற்றில் மெட்டு என்று சொல்லத்தக்கது குறைவு. இருண்ட, உலோகத்தன்மையான அலை ஒன்று எழுந்து அமிழ்கிறது. மெட்டு இல்லாததால் எதை இழக்கிறோம் என்பது காதுக்குப் பிடிபடுவதில்லை. ஆக, முன்பு சொன்ன நினைவின் வேலை இங்கே நடக்க வழியில்லை. நல்ல பின்புல ஒலி என்பதைத் தாண்டி இதைப் புகழ்வது கடினம்.

டிஎல்பி 3 வேறு. தந்திக் கருவிகளின் ஒளிமிக்க ஒரு வாக்கியம், தொகுப்பிலேயே இனிமையானது. சிதைவின்போது ஒலி மங்குவதைவிட மின்னுகிறது. உதிர்ந்த இடங்களின் ஓரங்கள் சிமிட்டுவதைப் போன்ற ஓசையைத் தருகின்றன. ஒரு பொருள் அழியும்போது அசிங்கமாகத்தான் அழிய வேண்டும் என்பதில்லை என்று இது காட்டுகிறது. என் கணிப்பில் முதல் ஆக்கத்துக்கு இணையாக வைக்கத்தக்கது இது ஒன்றே.

டிஎல்பி 4 நேர் எதிர். 20 நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. தொடக்கத்திலேயே கலங்கிய ஒலி. விரைவில் துண்டு துண்டாகிறது. இறுதியில் மௌனத்தின் நடுவே எங்கோ ஒரு கரகரப்பு மட்டும் கேட்கும். இதில் ஆறுதல் எதுவும் இல்லை. பாசின்ஸ்கியின் இசை துயரத்தை அழகாக்கி விற்கிறது என்று குற்றம் சாட்டுபவர்கள் இந்த ஆக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

டிஎல்பி 5, 6 இரண்டும் நீளமானவை. நாடா ஒப்பீட்டளவில் உறுதியாக இருந்ததால் மாற்றம் மிக மெதுவாக வருகிறது. 50 நிமிடத்தைத் தாண்டும் டிஎல்பி 5இல் சிதைவே அரிதாகத்தான் தெரியும். நாடா உதிரவில்லை என்றால் அதைச் ‘சிதைவுச் சுழல்’ என்று வெளியிட்டிருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது. இன்னொரு பக்கம், எல்லா நாடாவும் ஒரே வேகத்தில் அழியாது என்ற உண்மையும் ஒரு முழுத்தொகுப்பில் இருக்கத்தானே வேண்டும் என்றும் வாதிடலாம். இரண்டாவது வாதத்தில் நியாயம் உண்டு, ஆனால் அது 50 நிமிடத்தை எளிதாக்குவதில்லை. கடைசியில் வரும் 1.2, 1.3 ஆகியவை முதல் சுழலுக்கே திரும்புகின்றன. பழகிய மெட்டு மீண்டும் கேட்கும்போது ஏற்படும் உணர்வு வலுவானது. நான்கு பகுதிகளையும் வரிசையாகக் கேட்டவர்களுக்கு மட்டும் கிடைக்கும் பரிசு அது.

செப்டம்பர் 11

நாடாக்கள் உதிர்ந்தது 2001 கோடையில். உலக வர்த்தக மையக் கோபுரங்கள் தாக்கப்பட்டது அவ்வாண்டு செப்டம்பர் 11 காலையில். இந்த வரிசை முக்கியமானது. தாக்குதலைக் கண்டு பாசின்ஸ்கி இந்த இசையை அமைத்தார் என்றோ, கோபுரங்கள் எரிந்துகொண்டிருந்தபோது நாடாக்கள் உதிர்ந்தன என்றோ இணையத்தில் அடிக்கடி காணப்படும் கூற்றுகள் தவறானவை.

அன்று நடந்தது வேறு. பாசின்ஸ்கியும் நண்பர்களும் புரூக்ளின் வீட்டின் கூரையில் இருந்தபடி, ஆற்றுக்கு அப்பால் எழும் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பகலின் கடைசி ஒரு மணி நேரத்தை அவர் அசையாத கேமராவில் பதிவு செய்தார். வெளிச்சம் குறைகிறது, புகை நகர்கிறது, இருட்டுகிறது. அவ்வளவுதான் அந்தக் காணொளி. பின்னர் டிஎல்பி 1.1ஐ அதன் ஒலியாக வைத்தார். இரண்டின் நீளமும் ஏறத்தாழ ஒன்று. அதிலிருந்து எடுத்த படங்கள் நான்கு பகுதிகளுக்கும் உறைகளாயின. தாக்குதலில் இறந்தோருக்குத் தொகுப்பு காணிக்கையாக்கப்பட்டது.

இது எந்த அளவுக்கு நேர்மையானது? இக்கேள்வியை மரியாதைக் குறைவு என்று கருதித் தவிர்க்கும் வழக்கம் உண்டு. தவிர்க்க வேண்டியதில்லை. ஏறத்தாழ மூவாயிரம் பேரின் மரணம், அதற்குத் தொடர்பில்லாமல் உருவான ஓர் இசைக்கு எடை சேர்த்தது என்பது மறுக்க முடியாதது. அந்த உறைப்படங்கள் இல்லாமல் இந்தத் தொகுப்பு இவ்வளவு தூரம் பயணித்திருக்குமா என்பது ஐயமே.

இருந்தாலும் பாசின்ஸ்கியின் தரப்பில் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, அவர் தொலைக்காட்சியில் கண்டதைப் பயன்படுத்தவில்லை. அவருடைய கூரையிலிருந்து தெரிந்த வானம் அது. அந்த நகரத்தில் இருபது ஆண்டுகளாக வாழ்ந்தவர் அவர். இரண்டு, காணொளியில் அவர் எதைக் காட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விமானம் மோதும் காட்சி இல்லை, கோபுரம் சரியும் காட்சி இல்லை, ஓடும் மனிதர்கள் இல்லை. உலகம் முழுவதும் அந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் வைத்தது நடந்து முடிந்தபின் மிஞ்சிய புகையை மட்டும். தொலைக்காட்சியும் ஒரு சுழலைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தச் சுழல் தேயவில்லை, ஒவ்வொரு முறையும் அதே கூர்மையோடு வந்தது.

எனவே டிஎல்பி 1.1க்கும் அந்தக் காணொளிக்கும் உள்ள பிணைப்பை ஏற்கலாம். ஏற்க முடியாதது அதை நான்கு பகுதிகளுக்கும் நீட்டியது. டிஎல்பி 3இன் ஒளியையோ, டிஎல்பி 5இன் அசைவின்மையையோ புகைப்படத்தோடு சேர்த்துக் கேட்க எந்தக் காரணமும் இல்லை. உறை முன்னதாகவே கேட்பவரிடம் எதை உணர வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. இசை தானாகச் செய்யக்கூடிய வேலையைப் படம் பறித்துக்கொள்கிறது. கோப்பை மட்டும் தனியாகத் தரவிறக்கி, உறையைப் பார்க்காமல் கேட்டவர்கள் சிலர் இந்த இசையில் தங்கள் பாட்டியின் மறதியையும், பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டையும், விட்டு வந்த ஊரையும் கேட்டதாகச் சொல்வார்கள். அவர்கள் கேட்டதும் சரிதான்.

முன்னோடிகளும் பின்வந்தவர்களும்

சுழல் நாடாவை இசையாக்கியதில் பாசின்ஸ்கி முதல்வர் அல்லர். ஸ்டீவ் ரைக் 1965இல், சான்பிரான்சிஸ்கோ சதுக்கத்தில் பேசிய ஒரு போதகரின் குரலை இரு சுழல்களாக ஓட்டினார். இரண்டும் நூலிழை அளவு வேக வேறுபாட்டால் மெல்ல விலகின. ஆல்வின் லூசியர் 1969இல், அறையில் பேசிய தன் குரலைப் பதிவு செய்து, அதை அதே அறையில் ஒலிக்கவிட்டு மீண்டும் பதிவு செய்து, பேச்சு முற்றிலும் கரைந்து அறையின் ரீங்காரம் மட்டும் எஞ்சும் வரை தொடர்ந்தார். பிரையன் ஈனோ 1975இல் வெளியிட்ட ‘டிஸ்கிரீட் மியூசிக்’ இரு டேப் ரெக்கார்டர்களுக்கு இடையே ஓடும் நாடாவால் உருவானது. அவர்கள் மூவருக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: ஒரு செயல்முறையைத் தொடங்கிவைத்து, அதன் விளைவை முன்கூட்டியே ஓரளவு அறிந்திருந்தார்கள்.

பாசின்ஸ்கி வேறுபடும் இடம் அது. அவர் தொடங்கியது ஒரு செயல்முறையே அல்ல, சேமிப்பு வேலை. மேலும் லூசியரின் பதிவில் மூல நாடா அப்படியே இருக்கிறது. விரும்பினால் முதல் வாக்கியத்துக்குத் திரும்பலாம். பாசின்ஸ்கியின் மூலநாடா இப்போது வெறும் பிளாஸ்டிக் பட்டை. அந்த ஒரு முறைதான் அது நிகழ முடியும்.

பின்வந்தவர்களில் பெரிதும் ஒப்பிடப்படுபவர் ‘தி கேர்டேக்கர்’ என்ற பெயரில் இயங்கிய இங்கிலாந்தின் லேலண்ட் கிர்பி. 2016 முதல் 2019 வரை ஆறு கட்டங்களாக வெளியான அவருடைய ‘எவ்ரிவேர் அட் தி எண்ட் ஆஃப் டைம்’ பழைய நடனக்கூட இசைத்தட்டுகளைக் கொண்டு மறதிநோயின் வளர்ச்சியைச் சித்திரிக்கிறது. நீளம் ஆறரை மணி நேரம். 2020இல் அதை முழுவதும் கேட்டு முடிப்பதை இளைஞர்கள் டிக்டாக்கில் சவாலாக்கினர். இரண்டிலும் பழைய இசை சிதைகிறது என்றாலும் முறை வேறு. கிர்பி சிதைவைக் கணினியில் அமைக்கிறார். எப்போது குழப்பம், எப்போது ஒரு கணத் தெளிவு என்பது திட்டமிட்டது. நாடகம் கூடுதலாக இருக்கிறது, கடைசிக் கட்டங்களில் அச்சம் உண்டாகிறது. பாசின்ஸ்கியிடம் நாடகம் இல்லை. பசை வலுவிழந்தது என்பதற்கு மேல் எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு சுரம் போகிறது. கிர்பியைக் கேட்டு வந்த இளைய வாசகர்களுக்கு இது முதலில் ஏமாற்றமாக இருக்கக்கூடும்.

இரு தொகுப்புகளுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. மூல இசையை வாசித்தவர்கள் யார்? ஏதோ ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூலிக்கு வாசித்துவிட்டு வீடு திரும்பிய வயலின் கலைஞர்களும் ஹார்ன் கலைஞர்களும் அவர்கள். பாசின்ஸ்கியின் தொகுப்பில் அவர்களுடைய பெயர் இல்லை. நாடாவின் மரணத்துக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்குகூட அந்த வாசிப்புக்குக் கிடைக்கவில்லை. வெட்டியெடுக்கும் இசை முறை முழுவதையும் பற்றிய சிக்கல் இது. ஆனால் இழப்பைப் பற்றிப் பேசும் ஒரு தொகுப்பில் இந்த இழப்பு கூடுதலாக உறுத்துகிறது.

இசைக்குழுவும் பெட்டியும்

2011 செப்டம்பர் 11 அன்று, பத்தாம் ஆண்டு நினைவாக, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் உள்ள டெண்டூர் கோயில் அரங்கில் டிஎல்பி 1.1 இசைக்குழுவால் வாசிக்கப்பட்டது. எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்ட கல் கோயில் நிற்கும் அரங்கு அது. மாக்சிம் மாஸ்டன் எழுதிய வடிவம், ரயன் மெக்ஆடம்ஸ் நடத்த, வேர்ட்லெஸ் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. முரண் வெளிப்படையானது. நாடாவின் பழுதை மனிதர்கள் சுரக்குறிப்பிலிருந்து வாசிக்கிறார்கள். எங்கே விட்டுவிட வேண்டும், எங்கே மூச்சை மட்டும் ஊத வேண்டும் என்று அவர்களுக்கு எழுதித் தரப்பட்டிருக்கிறது.

இதைப் போலி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அந்தப் பதிவைக் கேட்டால் ஒரு புதிய விஷயம் புலப்படுகிறது. ஊதுகருவிக் கலைஞர்களுக்குக் களைப்பு வருகிறது. அதே வாக்கியத்தை நூறாவது முறை ஊதும்போது உதடு தளர்கிறது. நாடாவில் தேய்ந்தது பொருள், இங்கே தேய்வது உடல். முடிவில் நீண்ட நேரத்துக்குக் கைதட்டல் எழவில்லை.

2012இல் டெம்பரரி ரெசிடன்ஸ் என்ற சுயாதீன நிறுவனம் முழுத்தொகுப்பையும் 9 இசைத்தட்டுகள், 5 குறுந்தகடுகள், ஒரு டிவிடி, ஒரு நூல் ஆகியவை அடங்கிய கனத்த பெட்டியாக வெளியிட்டது. பிட்ச்ஃபோர்க் இதழ் அதற்கு 10க்கு 10 மதிப்பெண் வழங்கியது. நியூயார்க்கின் தேசிய செப்டம்பர் 11 நினைவு அருங்காட்சியகமும் இந்த ஆக்கத்தைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. பெட்டியில் கிடந்து உதிர்ந்த நாடா, உதிராத பெட்டியாகச் சேகரிப்பாளர்களின் அலமாரிக்குச் சென்றது. சுயாதீன இசை உலகில் இதைப் போன்ற ஆடம்பரப் பெட்டிகள் சிறு நிறுவனங்களின் பிழைப்புக்கு உதவுகின்றன என்பதால் குறை சொல்ல மனம் வருவதில்லை. 63 நிமிடம் இடைவிடாது ஓட வேண்டிய ஒன்றை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இசைத்தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்பது மட்டும் பொருந்தவில்லை. இந்த இசைக்குக் குறுந்தகடோ எண்ணிமக் கோப்போதான் ஏற்றது.

முதன்முறை கேட்க விரும்பும் மாணவர்கள் 5 மணி நேரத்தையும் ஒரே நாளில் முயல வேண்டாம். டிஎல்பி 4 மிகக் குறுகியவற்றுள் ஒன்று. சிதைவு எப்படி நிகழ்கிறது என்பதைக் காது கற்றுக்கொள்ள அது போதும். அடுத்ததாக ஒரு மாலையில், வேறு வேலை வைத்துக்கொள்ளாமல், டிஎல்பி 1.1ஐ முழுமையாகக் கேட்கலாம். ஒலியை அதிகம் கூட்ட வேண்டியதில்லை. ஹெட்போனைவிட அறையின் ஒலிபெருக்கி நல்லது, கடைசிப் பகுதியின் மௌனங்களில் அறையின் ஓசைகளும் வந்து கலக்கும். காணொளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.